ஸ்வீட் மில்க் என்றால் இனிப்புப் பால்தான்

மதினி,

போன வாரம் ஒரு நாள் காலையில் கடைக்குள் காலை வைத்ததும் பச்சைப் பால் வாடை முகத்தில் அடித்தது. எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். இத்தனை வருஷமாக நம் கடையில் காலை என்றாலே சுண்டின பால் வாசம்தான். பால் பாதியாக வற்றி, இறக்கி ஆறவைத்து, நாட்டுச்சர்க்கரை போட்டு, ஏலக்காய் தட்டிப் போட்டதும் எழுமே, அந்த வாசம். கொடைக்கானல் ஏழுரோடு பக்கம் சும்மா நடந்து போகிறவர்கள்கூட அந்த வாசத்துக்குத்தான் நம் படியேறுவார்கள். அப்பேர்ப்பட்ட கடையில் பச்சைப் பால் வாடை. வேறு யாருடைய கடைக்குள்ளோ தெரியாமல் நுழைந்துவிட்டேனோ என்று ஒரு கணம் வெளியே போய் போர்டைப் பார்த்துவிட்டு வந்தேன்.

உள்ளே உங்கள் மகள் கார்த்திகா நின்றுகொண்டிருந்தாள். கிண்ணத்தில் மைதா, பக்கத்தில் ஒரு டம்ளர் பால். காய்ச்சக்கூட இல்லை. "என்ன தாயி இது?" என்றேன். அவள் திரும்பாமலே, "கரெக்டான ரெசிபி அத்தை. ஒரு தடவ போட்டுப் பாக்குறேன்" என்றாள்.

அந்தக் கரெக்ட் எங்கிருந்து வந்தது என்று சொல்கிறேன். அதற்கு இரண்டு நாள் முன்பு, பெருமாள்மலைப் பக்கம் புதிதாக வந்திருக்கிற ஒரு ரிசார்ட்டிலிருந்து சமையல்காரத் தம்பி ஒருவர் வந்திருந்தார். செஃப் என்று சொல்ல வேண்டுமாம். கோயம்புத்தூர்க்காரர், மரியாதையான பிள்ளை, அதையும் சொல்லிவிடுகிறேன். கல்லாவுக்கு மேலே நீங்கள் கண்ணாடி போட்டு மாட்டிவைத்த அந்தப் பழைய அமெரிக்கப் பத்திரிகைத் துண்டை அண்ணாந்து பார்த்தபடி வெகுநேரம் நின்றார். அப்புறம் நம் கேக்கில் ஒரு துண்டு வாங்கித் தின்றார். மறுபடியும் பத்திரிகையைப் பார்த்தார்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. இதுல ஸ்வீட் மில்க்னு போட்டிருக்கறது இனிப்புப் பால் இல்லீங்க. சாதாப் பால்தானுங்க."

அந்தக் காலத்து அமெரிக்க வீடுகளில் பால் புளித்துப்போனால் கொட்டமாட்டார்களாம். அதையும் மாவில் ஊற்றி ரொட்டியோ கேக்கோ சுட்டுவிடுவார்களாம். அதனால் பத்திரிகைக்குச் சமையல் குறிப்பு எழுதுகிற பெண்கள், புளித்த பாலா புளிக்காத பாலா என்று பிரித்துச் சொல்ல வேண்டியிருந்ததாம். புளிக்காத பாலுக்கு ஸ்வீட் மில்க் என்று பேர், அவ்வளவுதான். "யாரோ ஒரு அம்மா தப்பாப் புரிஞ்சுக்கிட்டாங்க போல" என்று சொல்லிச் சிரித்தார். அந்த யாரோ ஒரு அம்மா நீங்கள்தான், மதினி.

சிரித்துவிட்டுச் சும்மா போகவில்லை. நூறு வருஷத்துக்கு முந்தைய அமெரிக்கப் பத்திரிகைகளில் வந்த வீட்டுச் சமையல் குறிப்புகளை வைத்து அவர்கள் ரிசார்ட்டில் ஒரு மெனு போடுகிறார்களாம். இந்த மலைக்கே வந்து சேர்ந்த ஒரு குறிப்பு நம் கடையில் இருப்பது அவர்களுக்குப் பெரிய விஷயமாம். வாரா வாரம் நம்மிடமே கேக் எடுத்துக்கொள்கிறேன் என்றார். ஆனால் பத்திரிகையில் இருக்கிறபடி செய்ய வேண்டும். நம் கடையிலும் அதையேதான் விற்க வேண்டும். ஒரே பேரில் ரெண்டு விதமான கேக் ஊரில் இருந்தால், அவர்கள் ஒரிஜினல் என்று போட்டுக்கொள்வதற்கு மரியாதை இல்லாமல் போய்விடுமாம்.

கார்த்திகா அங்கேயே தலையாட்டிவிட்டாள். அவளைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. நீங்கள் கண்ணை மூடிய பிறகு இது இரண்டாவது சீசன். போன சீசனில் பாதி நாள் மழையும் மண்சரிவும் தின்றுவிட்டது, மீதி நாள் கார்கள் இ-பாஸ் இல்லாமல் கீழேயே நின்றன. கடை வாடகையை நினைத்தால் அவளுக்குத் தூக்கம் வருவதில்லை. எல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் அவள் தலையாட்டியதற்கு ஒரே அர்த்தம்தான். உங்கள் கேக் இனிமேல் உங்கள் கடையிலேயே இருக்காது. இந்த ஒன்றை மட்டும் என்னால் விழுங்க முடியவில்லை.

அந்தப் பத்திரிகை நம் வீட்டுக்கு வந்த கதை அந்தத் தம்பிக்கு எங்கே தெரியப்போகிறது? கொடைக்கானலில் ஒரு பழைய மிஷன் பங்களாவைக் காலி செய்து சாமான்களை ஏலம் போட்டபோது, அண்ணன் ஒரு பெரிய மரப்பெட்டியை வாங்கி நம் ஊர் கூக்காலுக்குத் தூக்கிக்கொண்டு வந்தார். விதைப்பூண்டை எலி தின்னாமல் வைக்கிறதுக்கு. நீங்கள் கல்யாணமாகிப் பழனியிலிருந்து மேலே வந்து ஒரு வருஷம்கூட ஆகியிருக்காது. குளிருக்குப் பல் கிட்டிப்போய், ரெண்டு ஸ்வெட்டரும் தலையில் ஒரு துண்டுமாக நடமாடிக்கொண்டிருந்தீர்கள். பெட்டியைத் திறந்து பார்த்தால் உள்பக்கம் முழுக்கப் பத்திரிகைத் தாளாக ஒட்டியிருந்தது. அண்ணன் பூண்டு மூட்டையைக் கொட்டப் போனார். நீங்கள் குறுக்கே போய் நின்றீர்கள்.

"எழுத்து இருக்குங்க உள்ள. சரஸ்வதி மேல பூண்டக் கொட்டுவீங்களா?"

"இங்கிலீசு எழுத்துடி அது."

"இங்கிலீசுன்னா சரஸ்வதி இல்லயா?"

அண்ணன் மூட்டையைக் கீழே இறக்கினார். இந்த வீட்டில் உங்களுக்குப் பதில் சொல்லத் தெரிந்தவர்கள் யாரும் கிடையாது. அன்றைக்கு மூட்டை வெளியிலேயே கிடந்தது. நீங்கள் ஈரத் துணியை வைத்து ஒற்றி ஒற்றி அந்தத் தாள்களை உரித்து எடுத்து, வெயில் பட்ட இடத்தில் எல்லாம் காயப்போட்டீர்கள்.

வத்தலக்குண்டில் கட்டிக்கொடுத்த இடத்திலிருந்து நான் ஒரு பையோடு திரும்பி வந்ததும் அந்தச் சமயத்தில்தான். அடிவாங்கிய காயம் கன்னத்தில் பச்சையாக இருந்தது. ஊரில் ஒவ்வொருத்தராக வந்து, எப்போ திரும்பிப் போகிறாள் என்று விசாரித்துவிட்டுப் போனார்கள். நீங்கள் வந்து நாலு மாசமோ ஐந்து மாசமோ ஆன புது மருமகள். வாசலில் நின்று எல்லாருக்கும் ஒரே பதிலைச் சொன்னீர்கள். "அவ போறதுக்கு வரலங்க. இருக்கதுக்கு வந்துருக்கா. ஒங்களுக்கு வேற சோலி இருந்தாப் போய்ப் பாருங்க." அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை. நான் கதவுக்குப் பின்னால் நின்று அழுதேன். நீங்கள் உள்ளே வந்து, "அழுகிற நேரத்துக்கு இதப் படிச்சுச் சொல்லு புள்ள" என்று ஒரு தாளை என் கையில் கொடுத்தீர்கள்.

அப்படித்தான் நாம் ரெண்டு பேரும் அந்தப் பத்திரிகையைப் படித்தோம். நான் ப்ளஸ் டூ, நீங்கள் பத்தாவது. நான் எழுத்துக் கூட்டுவேன், அர்த்தம் நீங்கள் சொல்வீர்கள். எங்கோ கண் காணாத ஊரில் பெண்கள் பத்திரிகைக்கு எழுதி அனுப்பிய குறிப்புகள். துணியில் பட்ட மெழுகை எப்படி எடுப்பது, பச்சைத் தக்காளியில் ஊறுகாய் போடுவது எப்படி, மிச்சமான ரொட்டியை என்ன செய்வது. குளிரில் கை வெடித்தால் என்ன தடவுவது என்று ஒருத்தி எழுதியிருந்தாள். நீங்கள் உங்கள் கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டு, "அங்கயும் கை வெடிக்குதாத்தா இவளுகளுக்கு? வெள்ளைக்காரின்னா கையில பூவா கட்டியிருப்பான்னுல்ல நெனச்சேன்" என்றீர்கள். குறிப்புக்குக் கீழே பேர் இருக்கும். பேர் என்றால் அவள் பேர் இல்லை, மிஸஸ் என்று போட்டுப் புருஷன் பேர். "சமைக்கிறது இவ, பேரு அவனுக்கா?" என்று ஒருநாள் முழுக்க அதற்குத் திட்டிக்கொண்டிருந்தீர்கள்.

அந்த கேக் குறிப்பு இப்போதும் எனக்கு மனப்பாடம். ஒரு கப் சர்க்கரை. முட்டை அளவு வெண்ணெய். ஒரு கப் ஸ்வீட் மில்க். கொஞ்சம் ஜாதிக்காய், பேக்கிங் பவுடர், கெட்டிப்படுகிற அளவுக்கு மாவு. நல்ல சூட்டில் வேகவிடவும். எவ்வளவு நேரம் என்று கிடையாது, எவ்வளவு சூடு என்று கிடையாது. முட்டை என்ற சொல் வந்ததும் நீங்கள் கையை உதறிக்கொண்டு எழுந்துவிட்டீர்கள். பழனி அடிவாரத்தில் பஞ்சாமிர்தக் கடை வைத்திருந்தவர் மகள், முட்டை வாடையே ஆகாது. "முட்டை போடச் சொல்லல மதினி, முட்டை அளவுக்கு வெண்ணெய்ங்குது" என்று நான் சொன்னதும் திரும்ப வந்து உட்கார்ந்தீர்கள்.

"அளவுக்குத்தானே? அப்ப எலுமிச்சம்பழம்னு வச்சுக்க. நம்மளும் புளிய நெல்லிக்காய் அளவுன்னுதான சொல்றோம். இவளும் நம்ம கூட்டந்தான்."

ஸ்வீட் மில்க்கில் நமக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. ஸ்வீட் என்றால் இனிப்பு. மில்க் என்றால் பால். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? நீங்கள் பாலை அடுப்பில் வைத்துச் சுண்டக் காய்ச்சினீர்கள். சூட்டோடு நாட்டுச்சர்க்கரை போட்டால் திரிந்துவிடும் என்று இறக்கி ஆறவைத்துக் கலந்தீர்கள். ஏலக்காய் தட்டிப் போட்டீர்கள். "சர்க்கரை தனியா ஒரு கப் போடச் சொல்லியிருக்கே மதினி, பால்ல வேற எதுக்கு?" என்று நான் கேட்டது உண்மை. "தித்திப்புக்கு அளவு பாக்குறவ பழனியில பொறந்திருக்க மாட்டா" என்று என் வாயை அடைத்தீர்கள்.

ஓவனுக்கு எங்கே போவது? இரும்புச் சட்டியில் மணலைப் பரப்பி, நடுவில் கிண்ணத்தை வைத்து, மேல் மூடியில் தணலை அள்ளிப் போட்டோம். சட்டி சூடாகிவிட்டதா என்று பார்க்க நீங்கள் கையை உள்ளே நீட்டி, முருகா முருகா என்று மூச்சுவிடாமல் சொல்வீர்கள். கை பொறுக்கிற வரைக்கும் சொல்லிவிட்டு வெடுக்கென்று எடுத்து, "இன்னும் கொஞ்சம்" என்பீர்கள். வெந்து எடுத்தபோது அது கருப்பட்டி நிறத்தில் இருந்தது. கத்தியை வைத்தால் ஒட்டியது. நான் அதுவரை கொடைக்கானலில் பார்த்த எந்த கேக் மாதிரியும் இல்லை. அண்ணன் ஒரு துண்டு தின்றுவிட்டு இன்னொரு துண்டுக்குக் கையை நீட்டினார். எனக்கு வத்தலக்குண்டை விட்டு வந்த பிறகு முதன்முதலாகப் பசித்தது அன்றைக்குத்தான்.

அதற்கப்புறம் நடந்ததெல்லாம் உங்கள் தைரியம். வாரத்தில் ஒரு நாள் வெள்ளனே எழுந்து கேக் சுட்டு, காலை பஸ்ஸில் பூண்டு மூட்டைகளுக்கு நடுவே டின்னை மடியில் வைத்துக்கொண்டு நாம் ரெண்டு பேரும் கொடைக்கானலுக்குப் போவோம். முதல் தடவை கேக்கில் பூண்டு வாசம் ஏறிவிட்டது. டீக்கடைக்காரர் மோந்து பார்த்துவிட்டு, "என்னம்மா, கேக்கா ரசமா?" என்றார். நீங்கள் கூசாமல், "ரெண்டும்தான், தின்னு பாருங்க" என்றீர்கள். அடுத்த வாரத்திலிருந்து டின்னுக்கு ரெண்டு உறை போட்டோம். கொஞ்ச வருஷத்தில் பஸ்ஸிலிருந்து இறங்கி ஒரு கடைக்குள் உட்கார்ந்துவிட்டோம். அமெரிக்கன் ஸ்வீட் மில்க் கேக் என்று போர்டு எழுதினோம். புருஷன் வீட்டை விட்டு வந்தவள் என்று என்னைச் சொன்ன ஊர், கேக் கடை அக்கா என்று சொல்ல ஆரம்பித்தது. என் சோற்றை நானே சம்பாதித்துத் தின்றேன். அந்தக் கேக்கைத் தப்பு என்கிறார்கள், மதினி.

கார்த்திகா அன்று சுட்ட கரெக்டான கேக்கையும் நான் தின்று பார்த்தேன். நன்றாக இருந்தது. வெளுப்பாக, பஞ்சு மாதிரி, ஜாதிக்காய் வாசத்தோடு நன்றாகவே இருந்தது. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். வாயில் வைக்க வழியில்லாமல் இருந்திருந்தால் தூக்கிக் குப்பையில் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன்.

"நல்லாருக்குல்ல அத்தை?" என்றாள்.

"இருக்கு. அதுக்கென்ன?"

"அதுக்கென்னவா? இத்தன வருசமா பத்திரிகையக் கண்ணாடி போட்டு எல்லாரும் படிக்கிற மாதிரி மாட்டி வச்சுக்கிட்டு, அதுல இருக்கதையே தப்பாச் செஞ்சு வித்திருக்கோம். இங்கிலீஷ் தெரிஞ்சவங்க எத்தன பேரு உள்ளுக்குள்ள சிரிச்சிருப்பாங்க? அம்மாவுக்குத் தெரியாமப் போச்சேன்னு எனக்குக் கூச்சமா இருக்கு அத்தை."

அப்போதுதான் எனக்கு விஷயமே விளங்கியது. அவள் வாடகைக்காக மட்டும் தலையாட்டவில்லை. பெற்ற தாய்க்காக வெட்கப்பட்டுத் தலையாட்டியிருக்கிறாள். உங்களுக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்! அவள் மதுரையில் காலேஜ் படித்துக்கொண்டிருந்தபோது நடந்தது அது, யாரும் அவளிடம் சொன்னதில்லை. கையிலிருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டு அவளை ஸ்டூலில் உட்காரச் சொன்னேன்.

"ஒங்கம்மாவுக்குத் தெரியும்டி" என்றேன்.

உங்களுக்கு அந்த வயசான வெள்ளைக்காரம்மாவை நினைவிருக்கும். சின்னப் பிள்ளையாக இங்கே பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டுப் போய், ஊரை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று திரும்பி வந்தவர். நடை தள்ளாடியது, தமிழ் மட்டும் கொஞ்சம் மிச்சமிருந்தது. கேக்கைத் தின்றார், சுவரில் இருந்த துண்டைப் படித்தார், எப்படிச் செய்கிறீர்கள் என்று கேட்டார். நீங்கள் பால் சுண்டுவதிலிருந்து எல்லாவற்றையும் சொன்னீர்கள். அவர் சிரித்தார் பாருங்கள், கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். பிறகு அந்தத் தம்பி சொன்ன அதே விஷயத்தைப் பாதித் தமிழும் பாதி இங்கிலீஷுமாகச் சொன்னார்.

நீங்கள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கேட்டீர்கள். "அப்ப நான் செஞ்சது தப்புங்கிறீங்களா?"

"தப்புதான்" என்றார் அவர். "இன்னும் ஒண்ணு குடுங்க."

அன்று சாயங்காலம் கடையைச் சாத்திய பிறகு நீங்கள் அந்தக் கரெக்டான கேக்கைச் செய்தீர்கள். உங்கள் கையாலேயே, சாதாப் பால் ஊற்றி. ஆறவைத்து வெட்டி எனக்கொன்று கொடுத்துவிட்டு நீங்களும் தின்றீர்கள். "நல்லாத்தான் இருக்கு. மெத்துன்னு இருக்கு" என்றீர்கள். அதோடு விஷயம் முடிந்தது, நாளையிலிருந்து இதுதான் என்று நான் நினைத்துக்கொண்டேன். மறுநாள் காலையில் வந்து பார்த்தால் அடுப்பில் பால் சுண்டிக்கொண்டிருந்தது.

"மதினி, தெரிஞ்சப்புறமுமா?" என்றேன்.

"தெரிஞ்சப்புறந்தான் ஆத்தா செய்யணும். தெரியாமச் செஞ்சா அது தப்பு. இப்ப இது என் கேக்கு. அவ வீட்டுப் பால அவ ஊத்துனா, என் வீட்டுப் பால நான் ஊத்துறேன். எழுதுனவ எந்திரிச்சு வந்து கேக்கட்டும், நான் பதில் சொல்லிக்கிறேன்."

இதை நான் அப்படியே, உங்கள் குரலிலேயே கார்த்திகாவிடம் சொன்னேன். அவள், "அம்மா என்கிட்ட ஏன் சொல்லல?" என்றாள். நீங்கள் அதைப் பெரிய விஷயமாகவே நினைக்கவில்லை என்று சொன்னேன். பால் வாங்கியதையும் கேஸ் தீர்ந்ததையும் நீங்கள் மகளுக்குப் போன் போட்டுச் சொல்லியிருக்கிறீர்கள், இதைச் சொல்லத் தோன்றவில்லை. அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு பாத்திரம் கழுவப் போய்விட்டாள். என்ன முடிவு செய்தாள் என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் பயமாக இருந்தது. கடை இப்போது அவள் பேரில்தான் இருக்கிறது.

வெள்ளிக்கிழமை அந்தத் தம்பி மறுபடியும் வந்தார். கேக் பெட்டியில் ஒட்டுவதற்கு லேபிள் அடித்துக் கையோடு கொண்டுவந்திருந்தார். பழைய பத்திரிகை மாதிரியே பழுப்பு நிறத்தில் அழகாகத்தான் இருந்தது. ஒரிஜினல் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. இந்த ஊரில் ஒரிஜினல் என்று போடாத கடை எது மதினி? ஒரிஜினல் தைலம், ஒரிஜினல் தேன், ஒரிஜினல் ஹோம்மேட் சாக்லேட். யார் வீட்டில் செய்தது என்று கேட்டால் மட்டும் யாருக்கும் தெரியாது. நான் உள்ளே டின் தேய்த்துக்கொண்டே காதை மட்டும் வெளியே வைத்திருந்தேன். என்ன கேட்டால் என்ன சொல்ல வேண்டும், எந்த இடத்தில் குரலை உயர்த்த வேண்டும் என்று விடியற்காலையிலிருந்து ஒரு சண்டையை மனசுக்குள் கட்டி வைத்திருந்தேன்.

கார்த்திகா அவர் முன்னால் ரெண்டு தட்டை வைத்தாள். ஒன்றில் வெளுத்த கேக், ஒன்றில் உங்கள் கேக். அவர் ரெண்டையும் தின்றார். உங்களுடையதைத்தான் முதலில் முடித்தார், நான் எட்டிப் பார்த்தேன்.

"ரெண்டுமே சூப்பருங்க. ஆனா உங்கம்மா பண்ணின மிஸ்டேக்க ஒரிஜினல்னு போட்டு எங்களால விக்க முடியாதுங்களே."

"விக்க வேணாம் சார்" என்றாள் கார்த்திகா.

அவருக்குப் புரியவில்லை. எனக்கே ஒரு நிமிஷம் புரியவில்லை.

"மிஸ்டேக் இல்ல சார் அது. எங்கம்மாவுக்கு எல்லாம் தெரியும். தெரிஞ்சுதான் செஞ்சாங்க. இந்தக் கடையில அது ஒண்ணுதான் இருக்கும். ஒங்க கேக்க நீங்களே செஞ்சுக்கங்க சார். ஈசிதான், பாலக் காச்சக்கூட வேணாம்."

"யோசிச்சுச் சொல்லுங்க, அவசரமில்ல."

"யோசிச்சாச்சு சார்."

அவ்வளவுதான். நான் கட்டி வைத்திருந்த சண்டை முழுக்க வீணாய்ப் போயிற்று. அவர் லேபிள்களைப் பைக்குள் வைத்துக்கொண்டு, நல்ல பிள்ளை, உங்கள் கேக்கில் ஒன்றைக் கட்டிக்கொண்டு காசு கொடுத்துவிட்டுப் போனார். அவர் தலை மறைந்ததும் கார்த்திகா ஸ்டூலில் உட்கார்ந்து அழுதாள். ஆர்டர் போனதற்கா, உங்களுக்காகவா என்று நான் கேட்கவில்லை. ரெண்டுக்குமாக இருக்கலாம். அழுது முடித்ததும் ஏணியைக் கேட்டாள். கொஞ்சம் பெயிண்ட் வாங்கி வந்து, போர்டில் இருந்த அமெரிக்கன் என்ற சொல்லை அழித்தாள். பத்திரிகைத் துண்டை மட்டும் எடுக்கவில்லை. அது பாட்டுக்கு அங்கே இருக்கட்டும், எழுதினவள் நமக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை.

கடை இன்னும் தள்ளாடிக்கொண்டுதான் இருக்கிறது, உங்களிடம் பொய் சொல்லப்போவதில்லை. கிறிஸ்துமஸ் வரைக்கும் தாக்குப்பிடித்தால் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்கிறோம். அண்ணன் இந்தத் தடவை பூண்டு விற்ற பணத்தில் கொஞ்சம் தருகிறேன் என்றார். கார்த்திகா வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அவள் சொன்ன தோரணையைப் பார்த்து அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

நீங்கள் போனபோது உங்கள் நகையும் புடவையும் மகளுக்குப் போயிற்று, அதுதான் முறை. எனக்கென்று எதுவும் எடுத்து வைக்கவில்லையே என்று அப்போது கொஞ்சம் தாங்கலாக இருந்தது. இப்போது இல்லை. ஊரே உங்களை வீம்புக்காரி என்றது, அண்ணனும் சொன்னார், உங்களைப் பெற்றவர்களே சொன்னார்கள். அந்த வீம்பில் பாதிதான் உங்கள் மகளுக்குப் போயிருக்கிறது. மீதி என்னிடம் இருக்கிறது. கன்னத்தில் காயத்தோடு கதவுக்குப் பின்னால் நின்றவளுக்கு அதுதான் தேவைப்பட்டது, அதைத்தான் நீங்கள் கொடுத்தீர்கள். இனி யார் வந்து கேட்டாலும் தருவதற்கில்லை.

நேற்று மத்தியானம் நான் மட்டும் கடையில் இருந்தேன். காரில் வந்த ஒருவர் கண்ணாடிக்குள் இருந்த பத்திரிகையைப் படித்துவிட்டு, ஒரு துண்டு கேட்டார். வெட்டிக்கொண்டிருந்தேன்.

"அக்கா, இது ஒரிஜினலா?"

"இல்லீங்க" என்றேன். "இது எங்க மதினி கேக்கு."

அவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போய் காரில் ஏறிக்கொண்டார். அவருக்கென்று வெட்டிய துண்டை நானே தின்றேன், மதினி. பிரமாதமாக இருந்தது.